கணக்கு எழுதிய நாடும் இரும்பு உருக்கிய நாடும்

சுமேரியர் தமிழரே என்று மேடையில் முழங்கினால் இன்றும் கைதட்டல் நிச்சயம். ஈழத்துத் தமிழறிஞர் ஆ. சதாசிவம் 1965இலேயே சுமேரியத்தைத் திராவிட மொழி என்று நிறுவ முயன்றார். மொழியியலாரில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. எம்மொழியோடும் உறவு காட்ட முடியாத தனிமொழி என்றே கொள்கிறார்கள். எனக்கும் அந்த உறவுமுறையில் நாட்டமில்லை. சுமேரிய நாட்டை நம் சேலம், நாமக்கல் சீமையின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் நாட்டம்.

யூப்ரடீசும் டைகிரீசும் கொட்டிய வண்டலில் சுமேரியருக்குக் களிமண் தாராளம். கல்லுக்கும் நல்ல மரத்துக்கும் உலோகத்துக்கும் பஞ்சம். செம்பு ஓமானிலிருந்தும், நீலக்கல் ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்தும், செம்மணி சிந்துவெளியிலிருந்தும் போயிற்று. வீடு, கோயில், ஏடு எல்லாமே களிமண். ஏறத்தாழ கி.மு. 3300இல் உருக் நகரில் பிறந்த எழுத்து பாட்டுக்காகப் பிறக்கவில்லை. வாற்கோதுமை, ஆடு, பீர் இவற்றின் வரவு செலவுக்காகப் பிறந்தது. கி.மு. 21ஆம் நூற்றாண்டில், ஊர் நகரத்து மூன்றாம் அரச மரபின் காலத்தில், ஆண் வேலையாளுக்கு மாதம் 60 சிலா வாற்கோதுமை, பெண்ணுக்கு 30 என்பது வழக்கமான படி. ஒரு சிலா ஏறக்குறைய ஒரு லிட்டர். பெண்ணுக்குப் பாதிக்கூலி என்ற வழக்கம் அவ்வளவு பழையது!

நம் பக்கம் நிலைமை நேர் எதிர். கஞ்சமலையே இரும்புக் கல். மேட்டூரை அடுத்த தெலுங்கனூர், மாங்காடு ஈமக்காடுகளில் கிடைத்த இரும்புப் பொருள்கள் கி.மு. இரண்டாம் ஆயிரத்தைச் சேர்ந்தவை எனக் கரிமக் கணிப்பு காட்டுகிறது. பழைய சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த மயிலாடும்பாறைக்கு (இன்று கிருஷ்ணகிரி மாவட்டம்) கி.மு. 2172 என்ற கணிப்பு 2022இல் அறிவிக்கப்பட்டது. ஊர் நகரத்து எழுத்தர்கள் அந்தப் படிக்கணக்கை எழுதத் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம் அது. அவர்களுக்கோ இரும்பு என்பது பெரும்பாலும் விண்கல்லில் கிடைத்த அபூர்வம்.

எஃகு செய்யும் கைப்பக்குவம் 19ஆம் நூற்றாண்டு வரை இங்கே உயிரோடிருந்தது. பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கிய ஹீத் துரை அதை எழுதி வைத்திருக்கிறார். இரும்புத் துண்டை மண் மூசையில் இட்டு, காய்ந்த ஆவாரங்குச்சி சேர்த்து, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, துருத்தி ஊதி உருக்குவார்கள். குச்சியின் கரி இரும்பில் ஏறி எஃகாகும். சாலையோரத்து ஆவாரையும் எருக்கும்தான் சரக்கு.

துருத்தி ஊதியவனுக்கு என்ன கூலி, உலை யாருக்குச் சொந்தம் என்று எழுதிவைக்க இங்கே ஆளில்லை. எழுத்து வந்த பிறகும் அப்படித்தான். காவிரிக்கு அக்கரையில், புகளூர் ஆறுநாட்டார் மலையில், சேர இளவரசனும் கருவூர்ப் பொன் வணிகன் நத்தியும் சமணத் துறவியர்க்குக் கற்படுக்கை அளித்ததைத் தமிழிக் கல்வெட்டுகள் சொல்கின்றன. கொடுத்தவர் பெயர் நின்றது. கல் கொத்தியவர் கணக்கு நிற்கவில்லை.

ஆகவே நம் உழைப்பாளிகளைப் பற்றிப் பேச மிஞ்சியவை இரும்புக் கசடும் கல்வட்டமும் தாழியும்தான். பொக்லைன் ஒரே நாளில் அவற்றை வாரிக்கொண்டு போய்விடும். தோட்டத்தில் தாழியோ கசடு மேடோ தென்பட்டால் கைவைக்காமல் வட்டாட்சியரிடமோ சேலம் அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள்.