மீன் தொட்டியும் இரண்டு வாரிங்டன்களும்



மீன் தொட்டி வாங்கப் போனால் கடைக்காரர் இரண்டு குப்பிகளை எடுத்து வைப்பார். ஒன்று குளோரினைப் போக்கும் மருந்து. மற்றது "நல்ல பாக்டீரியா". இரண்டாவதை ஏமாற்று வேலை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு அப்பா, மகன் வரலாறு இருக்கிறது.

லண்டன் வேதியியலர் ராபர்ட் வாரிங்டன், 12 காலன் தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் விட்டார். இலைகள் அழுகி நீர் கலங்கியது. குளத்து நத்தைகளைச் சேர்த்தார். அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. 1850இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். செடி ஆக்சிஜன் தரும், மீன் கரியமில வாயு தரும், துப்புரவுக்கு நத்தை. ஆனால் மீன் கழிக்கும் அம்மோனியா? செடி கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதி? அதற்கு விடை வருமுன், 1867இல் அவர் காலமாகிவிட்டார்.

மகன் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். (நாம் தாத்தா பெயரை வைப்போம், அவர்கள் அப்பா பெயரையே வைத்துவிடுவார்கள்!) ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மண்ணை ஆராய்ந்தவர். 1877இல் பாரிசில் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் இருவரும் சாக்கடை நீரை மணல் வழியாக மெல்ல இறக்கிப் பார்த்தார்கள். சுமார் 20 நாள் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு அம்மோனியா மறைந்து நைட்ரேட் வந்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் நின்றுபோனது. ஆக, வேலை செய்வது உயிர்தான்.

அந்த 20 நாளைக் கவனியுங்கள். புதுத் தொட்டியில் ஒரேயடியாகப் பத்து மீன்களை விட்டால் முதல் சில வாரங்களில் செத்து மிதப்பது ஏன்? அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா இன்னும் பெருகவில்லை. குழந்தைகள் அழுவார்கள், நாம் "ராசியில்லை" என்போம்.

மகன் வாரிங்டன் இதை மண்ணிலும் உறுதிசெய்தார். அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகிறது, பிறகுதான் நைட்ரேட். இரண்டுக்கும் வெவ்வேறு கிருமிகள் என்றும் கண்டார். தனியே பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. 1890இல் சூரிக் நகரில் வினோகிராட்ஸ்கி பிரித்தார். வழக்கமான ஜெலட்டினில் இவை வளராது. அம்மோனியாவைக் கொண்டே பிழைப்பவை அல்லவா! 2015இல், இரண்டு படியையும் தானே முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகையும் கண்டறியப்பட்டது.

முதல் குப்பியில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட். பழைய ஸ்டூடியோக்காரர்களின் "ஹைப்போ"தான். குளோரின் நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பார்க்காது. ஆகவே ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். தெரிந்தவர் வீட்டுப் பழைய தொட்டியின் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால், இரண்டாவது குப்பிக்குக் காசு செலவழிக்கவும் வேண்டாம்.