ஜப்பானிய மொழி படித்த இரண்டு கடற்படை அதிகாரிகள்

ராணுவ அதிகாரிக்குச் சண்டை தவிர இன்னொரு வித்தையைக் கற்றுக்கொடுப்பது பெரிய விஷயமில்லை. கற்ற ஆளை எங்கே வைப்பது, எப்படிப் பதவி உயர்த்துவது என்பதுதான் சிக்கல்.

அமெரிக்கக் கடற்படை 1929-ல் ஜோசப் ரோஷ்ஃபோர்ட், எட்வின் லேட்டன் என்ற இரு அதிகாரிகளை ஜப்பானுக்கு அனுப்பியது. மூன்று வருஷம் மொழி படிக்கணும், அதுதான் வேலை. ரோஷ்ஃபோர்ட்டுக்கு இதற்கு முன்பே சங்கேதக் குறியீடுகளை உடைக்கும் பயிற்சியும் இருந்தது. இரண்டும் சேர்ந்த ஆள் கிடைப்பது அபூர்வம். ஆனால் பதவி உயரணும்னா கப்பலில் பணியாற்றியே ஆகணும். அதனால் திரும்பி வந்தபின் பெரும்பாலான காலம் அவருக்குக் கடலில்தான் போனது.

1941-ல்தான் பேர்ல் ஹார்பரின் சங்கேதப் பிரிவு அவர் கைக்கு வந்தது. இடம், ஒரு அடித்தள அறை. அந்த டிசம்பர் தாக்குதலில் 'கலிபோர்னியா' கப்பல் மூழ்க, அதன் பேண்டு வாத்தியக்காரர்களையும் அங்கேதான் அனுப்பினார்கள். அவர்கள் துளை அட்டை இயந்திரங்களை ஓட்டினார்கள்!

1942 மே மாதம் ஜப்பானியச் செய்திகளில் 'ஏஎஃப்' என்ற இடம் அடிபட்டது. அது மிட்வே தீவு என்றார் ரோஷ்ஃபோர்ட். வாஷிங்டன் நம்பவில்லை. "இங்கே குடிநீர் இயந்திரம் பழுது" என்று மிட்வேயிலிருந்து வேண்டுமென்றே ஒரு பொய்ச்செய்தி போனது. சீக்கிரமே, 'ஏஎஃப்'-ல் தண்ணீர்த் தட்டுப்பாடு என்று ஜப்பானியச் செய்தி ஒன்று சிக்கியது. ஜூன் மாதச் சண்டையில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது.

அப்புறம் நடந்ததைப் பாருங்க. அதே வருஷம் அக்டோபரில் ரோஷ்ஃபோர்ட்டை வாஷிங்டனுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பிறகு கிடைத்த பொறுப்பு, கப்பல்களைப் பழுதுபார்க்கும் ஒரு மிதவைத் துறை. மறுபடி உளவுப்பணி கிடைத்தது 1944-ல். தளபதி நிமிட்ஸ் பரிந்துரைத்த பதக்கமும் மறுக்கப்பட்டது. அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 1986-ல்தான் அது குடும்பத்தின் கைக்கு வந்தது.

லேட்டனும் அதே படிப்பு படித்தவர்தான். நிமிட்ஸ் அவரைப் போர் முடியும்வரை தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். பின்னாளில் அவர் ரியர் அட்மிரல் ஆனார். ரெண்டு பேருக்கும் படிப்பில் வித்தியாசமில்லை. தன் ஆளை விட்டுக்கொடுக்காத ஒரு மேலதிகாரி ஒருவருக்கு அமைந்தார், மற்றவருக்கு அமையவில்லை.

இன்று அதே கடற்படையில் சங்கேதப் பணிக்குத் தனி அதிகாரி வரிசை இருக்கிறது. கப்பலுக்குத் தலைமை தாங்காமலே அதில் மேலே போகலாம்.