ஆட்டு மூளையும் நாயின் குடலும்: சிங்கப்பூருக்கு வராமல் போன ஒரு நோயின் வரலாறு

செம்மறிக் கிடையில் ஓர் இளம் ஆடு மந்தையை விட்டு விலகி, தலையை ஒருபுறம் சாய்த்துக்கொண்டு, ஒரே திசையில் வட்டமடிக்கத் தொடங்கினால், அதன் மூளைக்குள் நீர்ப்பை ஒன்று வளர்ந்திருக்கக்கூடும். சுற்று நோய் எனப்படும் இதற்குக் காரணம் டீனியா மல்டிசெப்ஸ் என்னும் நாடாப்புழுவின் இளம்பருவம். முதிர்ந்த புழு ஆட்டில் வாழ்வதில்லை. அது நாய், நரி, ஓநாய் ஆகியவற்றின் குடலில் ஒரு மீட்டர் வரை வளர்ந்து, மலத்தோடு முட்டைகளை வெளியேற்றுகிறது. முட்டை படிந்த புல்லை ஆடு மேயும்போது அதன் குடலில் கரு வெளிப்பட்டு, இரத்த ஓட்டத்தில் கலந்து உடலெங்கும் பரவினாலும், செம்மறியைப் பொறுத்தவரை மூளையையும் தண்டுவடத்தையும் அடைபவை மட்டுமே பெரும்பாலும் பிழைத்து வளர்கின்றன. சில மாதங்களில் அங்கே உருவாகும் பை கோழிமுட்டை அளவையும் எட்டலாம். தெளிந்த நீர் நிறைந்த அதன் மெல்லிய சுவரின் உட்புறத்தில் வெண்ணிறக் குருணைகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். அவை ஒவ்வொன்றும் நாயின் குடலுக்குள் போனால் ஒரு புழுவாக வளரக்கூடிய தலை.

ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடைப்பட்ட ஆடுகளிலேயே இந்நோய் மிகுதியாகத் தென்படுகிறது. பை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஆடு சுற்றும் திசை அமையும். ஒரு கண் பார்வை மங்கும். சில ஆடுகள் சுவரில் நெற்றியை அழுத்தியபடியே நின்றுவிடும். பை மண்டையோட்டை ஒட்டி வளர்ந்தால் எலும்பு மெலிந்து, விரலால் அழுத்தும்போது அமுங்கும். அந்த இடத்தைத் தொட்டறிந்து, எலும்பைத் துளைத்துப் பையை வெளியே எடுக்கும் வழக்கம் ஐரோப்பிய மேய்ப்பர்களிடையே கால்நடை மருத்துவக் கல்லூரிகள் தோன்றுவதற்கு முன்பே இருந்தது. வட்டமடிக்கும் ஆடெல்லாம் இந்நோயுடையது என்றும் கொள்ள முடியாது. மூக்குத் துவாரத்தில் ஈயின் புழு புகுந்த ஆடும் தலையை உதறித் தடுமாறும். லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா மூளையைத் தாக்கினாலும் ஆடு சுற்றும், ஆனால் அது காய்ச்சலோடு வந்து சில நாள்களில் முடிந்துவிடும்.

ஆட்டின் மூளைக்கும் நாயின் குடலுக்கும் உள்ள இந்த உறவை அறிஞர்கள் அறிந்துகொள்ள நெடுங்காலம் பிடித்தது. லைப்சிக் நகரின் பேராசிரியர் லெஸ்கே 1780இல் மூளைப் பையை நாடாப்புழு வகையோடு சேர்த்து விவரித்தார். எனினும் பையும் புழுவும் ஒரே உயிரின் இரு பருவங்கள் என்பதை 1850களில் சாக்சனி நாட்டு மருத்துவர் கூசென்மைஸ்டர் செய்த சோதனைகளே நிறுவின. நோயுற்ற ஆட்டின் பைகளை நாய்களுக்கு ஊட்டி அவற்றின் குடலில் புழுவையும், அந்தப் புழுவின் கண்ணிகளை ஆடுகளுக்கு ஊட்டி அவற்றிடம் சுற்று நோயையும் அவர் உண்டாக்கிக் காட்டினார். இந்திய வெள்ளாடுகளில் இத்தகைய பைகள் மூளையில் மட்டுமின்றித் தசையிலும் காணப்பட்டதால், அமெரிக்க ஒட்டுண்ணி அறிஞர் மாரிஸ் ஹால் 1916இல் அவற்றைத் தனி இனமாகப் பிரித்து, இந்தியாவில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் கெய்கரின் பெயரைச் சூட்டினார், பிற்கால மரபணு ஆய்வுகளோ இரண்டும் ஒரே இனம் என்ற கருத்துக்கே வலுச்சேர்க்கின்றன.

புழு நாயிலும் பை ஆட்டிலும் வளர்வதால், இந்நோய் நிலைபெறுவதற்கு ஆடு மட்டும் போதாது. ஆட்டின் தலையைத் தின்னக்கூடிய நாயும், அந்த நாய் கழியும் நிலத்திலேயே மேயும் குட்டிகளும் ஒருங்கே இருக்க வேண்டும். தமிழகத்தின் கிடை வாழ்வில் இம்மூன்றும் இயல்பாகவே கூடியிருந்தன. அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காகக் கிடை போட்டு ஊர் ஊராக நகரும் இராமநாதபுரத்துக் கீதாரிகளுக்குக் காவல் நாய் இன்றியமையாதது. வழியில் செத்த ஆட்டின் தலையும், வெட்டிய ஆட்டில் மனிதர் ஒதுக்கிய பகுதியும் அந்த நாய்க்கே போய்ச் சேரும். தமிழர் அடுப்படியில் தலைக்கறியும் மூளை வறுவலும் விரும்பி உண்ணப்படுபவை என்பதால் நல்ல மூளை நாய்க்குக் கிடைப்பது அரிது. நீர் கோத்த மூளைதான் அருவருப்போடு வீசப்படும். வீசப்படக் கூடாத ஒரே மூளை அதுவே என்பது இந்நோயின் வரலாற்றில் உள்ள முரண். பையை உண்பதால் மனிதருக்கு இந்நோய் வருவதில்லை. நாயின் மலத்திலுள்ள முட்டை வாய்வழி புகுந்தால் மிக அரிதாக வரலாம்.

இந்தக் கிடைகள் நகர்ந்த கரையோரத்திலிருந்துதான் சிங்கப்பூருக்கும் ஆடுகள் கப்பலேறின. நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்கள் நீரிணைக் குடியேற்றங்களுக்குத் துணி, அரிசி, ஆட்களோடு கால்நடைகளையும் அனுப்பின. ரோச்சோர் ஆற்றின் தாழ்நிலத்தில் நீரும் புல்லும் கிடைத்ததால் சிராங்கூன் சாலையை ஒட்டிக் கால்நடைத் தொழில் 19ஆம் நூற்றாண்டில் செழித்தது. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை, கால்நடை வணிகர் பெலிலியோஸின் பெயர் தாங்கிய சாலை, இறைச்சி வணிகர் டெஸ்கரின் பெயர் தாங்கிய சாலை ஆகியவை இன்றும் அதன் தடங்கள். 1915இல் எழுந்த தேக்கா சந்தை 1982இல் சிராங்கூன் சாலையின் எதிர்ப்புறத்துக்கு இடம்பெயர்ந்த பின்னும், ஆட்டிறைச்சிக் கடைகளில் தமிழ் முஸ்லிம் வணிகரின் கை ஓங்கியே இருந்தது.

ஆனால் சிராங்கூனுக்கு வந்த ஆடுகள் வாழ வந்தவை அல்ல. கப்பலிலிருந்து இறங்கிப் பட்டியில் சில நாள் நின்று வெட்டுக்குப் போனவற்றின் தலையில் பை இருந்திருந்தாலும், அதைத் தின்ற நாயின் கழிவு படிந்த புல்லை மேய்ந்து நோயைத் தொடர்வதற்குக் குட்டிகளின் பரம்பரை அங்கே இல்லை. சங்கிலியின் ஏனைய கண்ணிகளையும் நகரம் வேறு காரணங்களுக்காக ஒவ்வொன்றாக அகற்றியது. ஆற்றுநீர் மாசுபடுவதையும் துர்நாற்றத்தையும் அஞ்சிய நகராட்சி, வீட்டுப் பின்புறங்களில் நடந்த வெட்டைத் தன் மேற்பார்வையிலான வெட்டுக்கூடங்களுக்குள் கொண்டுவந்தது. வெட்டுக்கூடத்தில் ஒதுக்கப்படும் தலை தெருநாய்க்கு எட்டாது. வெறிநாய்க்கடி நோயை ஒழிக்க மேற்கொண்ட நாய்க் கட்டுப்பாடும் தடுப்பூசியும் 1953இல் அந்நோயைத் தீவிலிருந்து அகற்றின. அதற்காகத் திட்டமிட்டவர் எவரும் ஆட்டின் மூளையை எண்ணியிருக்கமாட்டார்.

சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரம் இக்கதைக்குள் வருவது வேறு வழியில். ரப்பர்த் தோட்டமும் மணற்குழிகளும் கம்பங்களும் நிறைந்த அந்தக் கிழக்குப் பகுதியில் 1980களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகள் எழுந்தன. அவற்றோடு 1990இல் திறக்கப்பட்ட தாருல் குஃப்ரான் பள்ளிவாசல் அவ்வட்டார முஸ்லிம்களின் மையமாயிற்று. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் என்னும் பலி கொடுப்பதற்காக ஆஸ்திரேலியாவிலிருந்து உயிருள்ள செம்மறிகள் சிங்கப்பூர்ப் பள்ளிவாசல்களுக்கு வந்தன. கிடையையே கண்டிராத அடுக்குமாடிச் சிறுவர் பலர் ஆட்டை அருகில் பார்த்தது அந்நாள்களில்தான். ஏற்றுமதியான விலங்கு வெட்டப்படும் வரை அதன் நலனுக்கு ஏற்றுமதியாளரே பொறுப்பு என்ற விதிமுறையை ஆஸ்திரேலியா 2011இல் கொண்டுவர, 2012 முதல் பள்ளிவாசல்களும் பட்டி, சாய்தளம், பயிற்சி பெற்ற வெட்டுநர் ஆகியவற்றில் அதற்குக் கட்டுப்பட வேண்டியதாயிற்று. அவ்விதிகளின் நோக்கம் விலங்கு நலனே. எனினும் எண்ணி இறக்கப்பட்ட ஆடு எண்ணியபடியே வெட்டப்படும்போது, நாய் நுழைவதற்கு இடைவெளி இருப்பதில்லை. 2020இல் பெருந்தொற்றின் காரணமாகக் குர்பான் ஆஸ்திரேலியாவிலேயே நிறைவேற்றப்பட்டு, இறைச்சி மட்டும் சிங்கப்பூருக்கு வந்தது.

தமிழகத்தின் நிலை வேறு. அங்கே ஆடும் நாயும் மேய்ச்சல் நிலமும் இன்னும் ஒன்றாகவே இருப்பதால், வெட்டுக்கூடமும் துறைமுகமும் சிங்கப்பூரில் செய்த வேலையை மேய்ப்பரே செய்ய வேண்டியிருக்கிறது. 1970களில் கண்டறியப்பட்ட பிராசிகுவான்டெல் மருந்து நாயின் குடலிலுள்ள நாடாப்புழுவைக் கொல்கிறது. பையைத் தின்ற நாய் ஏறத்தாழ ஆறு வாரத்தில் முட்டையிடும் புழுவைச் சுமக்கத் தொடங்கும் என்பதால், ஆண்டுக்கொருமுறை கொடுக்கும் மாத்திரை போதாது. செத்த ஆட்டின் தலையை ஆழப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். கிடை ஊர்மாறும்போது புதைத்த இடம் பின்தங்கிவிடும், நாயோ கூடவே வரும். ஆகவே ஆழமில்லாத குழியிலிருந்து தலையைத் தோண்டி எடுப்பது அடுத்த கிடையின் நாயாகவும் இருக்கலாம்.