தோட்டாவின் அடிப்பக்கம்

தபால்தலை, நாணயம், தீப்பெட்டிப் படம் சேர்க்கிறவங்களை நமக்குத் தெரியும். துப்பாக்கித் தோட்டா சேர்க்கிறவங்களும் இருக்காங்க. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்குச் சங்கங்கள், சந்தைகள் எல்லாம் உண்டு. அவர்கள் தோட்டாவைக் கையில் எடுத்ததும் முதலில் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். அந்தச் சின்னப் பித்தளை வட்டத்தில்தான் முத்திரை இருக்கும்.

உதாரணத்துக்கு, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் .303 தோட்டா. அடியில் "கே எஃப் 42 VII" என்று பொறித்திருந்தால், புனே பக்கத்தில் இருக்கும் கிர்கீ தொழிற்சாலை, 1942ஆம் வருடம், ஏழாம் மாடல். "எஃப்" இல்லாமல் வெறும் "கே" என்றால் அது இங்கிலாந்தின் கைனாக் கம்பெனி. ஒரே ஒரு எழுத்தில் ஒரு கடல் தூரம்! நடுவில் இருக்கும் எரிமூடியைச் சுற்றி ஒரு வண்ண வளையம் வரும். ஊதா என்றால் சாதாரணக் குண்டு, சிவப்பு என்றால் போகும்போது ஒளிக்கோடு காட்டுவது, பச்சை என்றால் கவசத்தைத் துளைப்பது. லாக் ஃபைல் படிக்கிற வேலை பார்க்கிறவனுக்கு இது ரொம்பப் பழகின விஷயம்: யார், எப்போது, எந்த வெர்ஷன்.

அந்த "VII" என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு சர்ச்சையே இருக்கிறது. 1890களில் கல்கத்தா பக்கம் டம்டம் ஆயுதச் சாலையில், கேப்டன் பெர்ட்டி-கிளே என்ற அதிகாரி, முனையில் ஈயம் வெளியே தெரியும்படி ஒரு குண்டு செய்தார். உடலில் பட்டதும் அது பூப்போல விரியும். "டம்டம் குண்டு" என்று உலகம் முழுக்க அதற்குப் பெயர் வந்தது. 1899இல் ஹேக் மாநாடு இப்படி விரியும் குண்டுகளைத் தடை செய்தது. பிரிட்டன் அப்போது எதிர்த்து வாக்களித்தது, 1907இல்தான் ஒப்புக்கொண்டது. 1910இல் வந்த ஏழாம் மாடலில் குண்டின் முனை முழுக்க உலோக உறைக்குள் இருந்தது, அங்கே ஈயம் தெரியாது. ஆனால் உள்ளே, முனைப் பகுதியில் ஈயத்துக்குப் பதிலாக லேசான அலுமினியம். எடை பின்பக்கம் தள்ளிப்போவதால், உடலில் பட்டதும் குண்டு குட்டிக்கரணம் போடும். ஒப்பந்தத்தின் எழுத்தை மீறவில்லை, சரிதான். காயம்பட்டவனுக்கு அதில் என்ன ஆறுதல் என்று எனக்குப் புரியவில்லை.

இதெல்லாம் பித்தளை வந்தபிறகு நடந்த கதை. நம்ம பக்கத்துச் சண்டைகள் அதற்கும் நூறு வருடம் முந்தியவை. 1690இல் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியபோது, எல்லையை அளக்கச் சங்கிலி பிடிக்கவில்லை. பீரங்கி வைத்துச் சுட்டார்கள். குண்டு விழுந்த தூரம்வரை கம்பெனிக்குச் சொந்தம். அந்த ஊர்களுக்குக் "குண்டு கிராமங்கள்" என்றே பெயர் வந்தது. 1781 ஜூனில் சிதம்பரம் கோயிலுக்குள் இருந்த ஹைதர் அலியின் படையை அயர் கூட் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார். ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் ஜெயித்தார். 1783இல் கடலூரில் பிரெஞ்சுக்காரர்களை முற்றுகையிட்டபோது, ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்று செய்தி வந்து சண்டை நின்றது. லால்பேட்டையில் இருந்து பார்த்தால் இதெல்லாம் பக்கத்து ஊர்ச் சமாச்சாரம்.

அந்தச் சண்டைகளிலும் தோட்டா உண்டு, ஆனால் காகிதத் தோட்டா. மருந்தையும் ஈய உருண்டையையும் காகிதத்தில் சுருட்டி வைத்திருப்பார்கள். பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, உருண்டையைப் போட்டு இடிக்க வேண்டும். 1857இல் மீரட்டில் 85 சிப்பாய்கள் தொட மறுத்தது இதே வகைத் தோட்டாவைத்தான், அதில் கொழுப்பு தடவியிருக்கிறது என்ற சந்தேகத்துக்காக. இந்திய வரலாற்றையே உலுக்கிய தோட்டா காகிதம் என்பதால், சுட்டவை கிழிந்துபோயின, சுடாதவை மக்கிப்போயின. முத்திரையும் கிடையாது. மிச்சம் இருப்பது ஈயம் மட்டும்.

ஆனால் ஈயத்துக்கும் வாய் உண்டு. பிரிட்டிஷ் மஸ்கட்டின் குழல் விட்டம் 0.75 அங்குலம், பிரெஞ்சுத் துப்பாக்கிக்கு 0.69. உருண்டை குழலைவிடக் கொஞ்சம் சிறிசாக இருக்கும். கணக்குப் போட்டால் பிரிட்டிஷ் உருண்டை சுமார் 32 கிராம், பிரெஞ்சு உருண்டை சுமார் 25இலிருந்து 27 கிராம். பட்டு நசுங்கியிருந்தால் விட்டத்தை அளக்க முடியாது, எடை மட்டும் அவ்வளவாக மாறாது. நசுங்காத உருண்டை என்றால், பெரும்பாலும் சுடாமல் கீழே விழுந்தது. அதாவது ஒரு சிப்பாய் நின்ற இடம். நசுங்கியது என்றால் குண்டு போய்ச் சேர்ந்த இடம். ஒரு வயலில் இரண்டையும் தனித்தனியாகக் குறித்தால், எந்த அணி எங்கே நின்றது என்றே வரைந்துவிடலாம். ஹைதர் படையில் பல வகைத் துப்பாக்கிகள் கலந்திருந்ததால் எடையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது, அவ்வளவுதான்.

வியாபாரத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபம் இங்கேதான். வெளிநாட்டு ஏலத்தில் ஒரு தோட்டாவுக்கு அரிதானது என்று விலை வைப்பார்கள்; எந்த மண்ணில் எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்பது இரண்டு கை மாறினால் மறைந்துவிடும். .303க்கு அது பெரிய நஷ்டம் இல்லை, முத்திரை இருக்கிறது. ஈய உருண்டைக்குக் கிடைத்த இடம்தான் முத்திரை.

நம்ம நாட்டில் இந்தப் பொழுதுபோக்குக்கே இடம் குறைவு. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது குற்றம். பழசு என்பதற்காக வெடிக்கக்கூடிய தோட்டாவுக்குச் சலுகை கிடையாது. பையில் ஒற்றைத் தோட்டா கிடந்து விமான நிலையத்தில் மாட்டினவர்கள் பலர்; அது இருப்பதே தெரியாது என்று காட்டிய சிலரின் வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. அதற்குள் வருடக்கணக்கில் அலைந்திருப்பார்கள். நூறு வருடம் தாண்டிய தொல்பொருளை விற்கும் தொழிலுக்கும் 1972 சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். இதற்கெல்லாம் பயந்தே, பரணில் கிடைத்ததைச் சத்தமில்லாமல் பழைய இரும்புக் கடைக்குப் பித்தளை விலைக்குப் போட்டுவிடுகிறார்கள். எரிமூடி உயிரோடு இருக்கும் தோட்டாவை உலையில் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்க.

தாத்தா பெட்டியில் தோட்டா கிடைத்தால் தட்டாதீங்க, சுரண்டாதீங்க, சூடு காட்டாதீங்க. இருந்த இடத்திலேயே வைத்துப் படம் எடுத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்க. அடிப்பக்கம் ஏற்கெனவே மேலே தெரிந்தால் அந்த எழுத்தையும் குறித்துக்கொள்ளலாம். வயலில் ஈய உருண்டை கிடைத்தால் வருவாய்த் துறைக்கோ தொல்லியல் துறைக்கோ தகவல் கொடுங்க. அதற்கு முன்னால் சர்வே எண், ஆழம், எடை, நசுங்கியதா இல்லையா, இந்த நாலையும் எழுதி வையுங்க. மேல் படிந்திருக்கும் வெள்ளைப் பூச்சைத் தேய்த்து எடுக்க வேண்டாம், எடை குறைந்துவிடும்.