வெள்ளரிக்காயும் காடியும்

கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற பெயர் உளவியல் படிக்காதவர்களுக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்காது. ஆனால் வேலை முடிந்து ரயிலில் நெரிசலில் நின்றபடி 'எனக்கு பர்ன்அவுட் ஆயிருச்சு' என்று நண்பருக்கு வாட்ஸ்அப்பில் தட்டுகிறோமே, அந்தச் சொல்லை ஆய்வுக்குரிய பொருளாக மாற்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அவரோடு வேலைசெய்த சிலருக்கும் அதில் பங்கு உண்டு. அவர்கள் கேட்ட கேள்வி ஒன்று. இன்று நம் அலுவலகங்கள் அவர்கள் பெயரால் கேட்கும் கேள்வி வேறொன்று. இந்த இடைவெளிதான் சில மாதங்களாக என்னை உறுத்துகிறது.

சொல்லை எழுத்தில் முதலில் பிடித்தவர் மாஸ்லாக் அல்ல. கிரகாம் கிரீன் 1960 வாக்கிலேயே 'எ பர்ன்ட்-அவுட் கேஸ்' என்று ஒரு நாவல் எழுதிவிட்டார். காங்கோவின் தொழுநோய் இல்லத்தில் நடக்கும் கதை. நோய் தின்ன வேண்டியதைத் தின்று அடங்கிவிட்ட நோயாளியை அங்கே அப்படி அழைத்தார்கள். பிறகு 1974இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். நாஜி ஜெர்மனியிலிருந்து சிறுவனாகத் தப்பி நியூயார்க் வந்தவர். பகலில் தன் சொந்த மருத்துவத் தொழில், அதன்பின் நள்ளிரவு வரை இலவச மருத்துவ நிலையம் என்று ஓடியவர், தன்னையும் சக ஊழியர்களையும் வைத்தே அந்தக் கட்டுரையை எழுதினார். யார் எரிந்துபோகிறார்கள் என்பது அவருடைய கேள்வி. தன்னை முழுசாகக் கொடுப்பவர்கள்தான் என்றார். ஆறுதலான பதில். ஆனால் பார்வை ஆளின்மேல்தான் இருக்கிறது.

மாஸ்லாக் வேறு வழியில் வந்தார். 1971 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டில் பிலிப் ஜிம்பார்டோ ஒரு கட்டடத்தின் நிலவறையில் போலிச் சிறை அமைத்து மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் பிரித்தது பலருக்கும் தெரிந்த கதை. இரண்டு வாரம் நடப்பதாக இருந்தது ஆறே நாளில் நின்றது. அதை நிறுத்தச் சொல்லி ஜிம்பார்டோவிடம் சண்டை போட்டவர் மாஸ்லாக். அப்போதுதான் முனைவர் பட்டம் முடித்திருந்தார். ஜிம்பார்டோவின் காதலியும்கூட, மறு ஆண்டு இருவரும் மணந்துகொண்டார்கள். அந்தச் சோதனை நடத்தப்பட்ட விதம் பற்றிப் பின்னாளில் கடுமையான விமர்சனங்கள் வந்தன. அவற்றில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் தலையில் பை மாட்டிய கைதிகள் வரிசையாகக் கழிப்பறைக்கு நடத்தப்படுவதைப் பார்த்த அந்த இளம்பெண், ஒரு கேள்வியைக் கையோடு எடுத்துக்கொண்டு பெர்க்லிக்குப் போனார். எதிரே நிற்பவரை மனிதராகப் பார்ப்பதை ஒருவர் எப்படி நிறுத்துகிறார்?

இதைச் சிறைக்காவலர்களிடம் மட்டும் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் மருத்துவர்கள், தாதியர், மனநல ஊழியர்கள் ஆகியோரிடம் போனார். அன்பையே தொழிலாகச் செய்பவர்கள். நோயாளியின் பெயரை விட்டுவிட்டு நோயின் பெயரால் அவரைக் குறிப்பிடுவது, கேலியாகப் பேசுவது, கண்ணைப் பார்க்காமல் கோப்பைப் பார்ப்பது எல்லாம் அங்கே இருந்தன. நாள் முழுக்க வேதனையைப் பார்ப்பவர் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது. இதையெல்லாம் ஒருமுறை ஒரு வழக்கறிஞரிடம் விவரித்தபோது, ஏழைகளுக்காக வாதாடும் தங்கள் வட்டாரத்தில் இதற்கு பர்ன்அவுட் என்று பெயர் என்றாராம் அவர். சொல் அப்படித்தான் மாஸ்லாக்கின் கைக்கு வந்தது.

ஆய்விதழ்கள் அதை ரசிக்கவில்லை. ஜனரஞ்சக உளவியல் என்று ஒதுக்கினார்கள். 1976இல் அவர் அதைப் பொதுவாசகர்களுக்கான ஓர் இதழில் எழுதினார், கடிதங்கள் குவிந்தன. மாணவி சூசன் ஜாக்சனோடு சேர்ந்து 47 வாக்கியங்களை எடுத்துக்கொண்டு முதலில் 605 பேரிடமும் பிறகு 420 பேரிடமும் சோதித்து, சலித்து, 22 வாக்கியங்களாக்கினார். 1981இல் அது வெளியானது. மூன்று தனித்தனி மதிப்பெண்கள்: மனம் வற்றிப்போதல், எதிரே இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் போதல், செய்யும் வேலையில் ஒன்றும் சாதிக்கவில்லை என்ற உணர்வு. மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கக் கூடாது என்பது விதி. வேலையிடங்களைப் புரிந்துகொள்ளச் செய்த கருவி அது, ஒருவருக்கு நோய் இருக்கிறதா என்று சொல்வதற்கல்ல.

உலகம் அதைத்தான் செய்தது. மூன்றையும் கூட்டினார்கள். கோடு கிழித்து, கோட்டுக்கு மேலே இருப்பவர் 'எரிந்தவர்' என்றார்கள். 2016இல் கையேட்டின் நான்காம் பதிப்பிலிருந்து அந்தக் கோடுகளையே நீக்க வேண்டியிருந்தது. மாஸ்லாக் முன்பே ஓர் உவமை சொல்லியிருந்தார். வெள்ளரிக்காய் ஏன் புளித்துப்போனது என்று காயின் குணத்தை ஆராய்ந்துகொண்டு, அது ஊறிய காடியைப் பார்க்காமல் விட்டால் எப்படி? அச்சார் போடும் நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கருவியின்மீதும் குறை உண்டு. டென்மார்க்கின் டேகே கிறிஸ்டென்சன் குழு, மனிதசேவைத் துறை ஊழியர்களிடம் ஆய்வு செய்தபோது இந்தக் கேள்விகளில் சில அங்குள்ளவர்களுக்குக் கோபமூட்டின. உதவி கேட்டு வருபவரை ஜடப்பொருளாக நடத்துகிறாயா என்ற தொனி அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பயன்படுத்தக் காசும் கட்ட வேண்டும். அவர்கள் 2005இல் இலவசமாகத் தங்கள் சொந்தப் பட்டியலை வெளியிட்டார்கள். எனக்கு டென்மார்க்காரர்களின் கோபம் புரிகிறது. ஆனால் ஆளை ஆளாகப் பார்க்க முடியாமல் போகிறது என்பதை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் களைப்புதான். களைப்புக்கு லீவு போதும்.

2019இல் உலகச் சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்டை நோய் என்று சொல்லவில்லை, வேலையிடம் சார்ந்த ஒரு நிலை என்றே வரையறுத்தது. வரையறையில் இருப்பவை கிட்டத்தட்ட அதே மூன்று கூறுகள். ஆனால் சரியாகக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு என்கிறது அந்த வாக்கியம். கையாள வேண்டியது யார்? அதைச் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் மூச்சுப்பயிற்சி வகுப்புகள் நுழைகின்றன.

தமிழ்ப்பள்ளி ஆசிரியையான ஒரு தோழியிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கும் ஒரு நாள் பட்டறை நடந்திருக்கிறது. "கண்ண மூடி மூச்சு விடச் சொன்னாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. திரும்பி வந்தா ரெண்டு ரிலீஃப் கிளாஸ்." மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் 1997இல் தங்கள் புத்தகத்தில் வேலையிடத்தில் பார்க்க வேண்டியவை என்று எழுதிய ஆறையும் அவருக்குச் சொன்னேன்: வேலைச்சுமை, தன் வேலைமீது தனக்குள்ள பிடி, கிடைக்கும் மதிப்பு, கூட இருப்பவர்கள், நியாயம், தான் நம்புவதற்கும் செய்யச் சொல்வதற்கும் உள்ள பொருத்தம். விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். கூட இருப்பவர்கள் என்றபோது மட்டும், "அது இருக்கு. அதனாலதான் இன்னும் இருக்கேன்" என்றார்.