சிப்னோஸ் தீவின் மட்பாண்டம்

ஏஜியன் கடலிலுள்ள சிப்னோஸ் தீவில், சனிக்கிழமை அந்தி வேளையில் மூடியிட்ட மட்பாண்டங்களை ஊர் அடுப்புக்கு அனுப்புவது நெடுநாளைய வழக்கம். ஊறிய கொண்டைக்கடலை, வெங்காயம், ஒலிவ எண்ணெய், லாரல் இலை, தொட்டியில் சேர்த்த மழைநீர், பாண்டத்தினுள் இவ்வளவே. சுண்ணாம்பு மிகுந்த நீரில் கடலை எளிதில் வேகாது என்பதை அத்தீவின் தாய்மார் நன்கறிவர். விறகடுப்பில் இரவெல்லாம் வெந்த 'ரெவித்தாடா', ஞாயிறு வழிபாடு முடிந்ததும் வீடு சேரும். பாண்டமும் அம்மண்ணின் விளைவே. நல்ல களிமண் கிடைத்ததால் கடலோரமெங்கும் குயவர்கள் குடியேறினர்.

கீழைத் திருச்சபையின் நோன்பு கடுமையானது. இறைச்சி, பால், முட்டை மட்டுமன்றி மீனும் பெரும்பாலும் விலக்கு. (வெள்ளிக்கிழமை மீன் குழம்பை ஒறுத்தல் எனக் கொள்ளும் நாம் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.) ஆயினும் தவக்கால ஞாயிறுகளில் எண்ணெய்க்கு இசைவுண்டு. எனவே கடலைப் பாண்டத்துக்கு அப்போதும் தடையில்லை.

இத்தீவில் 1878-இல் பிறந்தவர் நிக்கோலாஸ் செலெமெந்தெஸ். வியன்னாவில் சமையற்கலை பயின்ற அவர், துருக்கிய ஆட்சியில் கிரேக்க உணவு கெட்டுவிட்டதெனக் கருதினார். நறுமணப் பொருள்களையும் பூண்டையும் குறைத்து, வெண்ணெயையும் பாலையும் புகுத்தினார். கத்தரிக்காயும் கொத்திறைச்சியும் அடுக்கிய 'மூசாக்கா'வின்மேல் 'பெஷமெல்' என்னும் பிரெஞ்சுப் பாற்குழம்பு ஏறியது அவர் கைவண்ணமே. 1920-களில் பரவிய இதனைத்தான் பயணிகள் தொன்மையான கிரேக்க உணவென்று உண்கின்றனர்!

அதே ஆண்டுகளில் வேறொரு சமையலும் கிரேக்கம் வந்து சேர்ந்தது. 1922-இல் ஸ்மிர்னா நகர் எரிந்தது. 1923-இன் மக்கள் பரிமாற்ற உடன்படிக்கை, மொழியைப் பாராது சமயத்தையே அளவுகோலாகக் கொண்டது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் சின்ன ஆசியாவை இழந்து அகதிகளாயினர். சீரகம் மணக்கும் இறைச்சி உருண்டைகளை அவர்கள் உடன் கொணர்ந்தனர். கிறிஸ்தவர் என்பதால் அங்கிருந்து துரத்தப்பட்டவர்களை, இங்குள்ள கிறிஸ்தவர் பலர் 'துருக்கிய வித்து' என்றும் 'தயிரில் திருமுழுக்குப் பெற்றோர்' என்றும் இகழ்ந்தனர். உண்ணும் உணவைக் கொண்டே ஒருவரது திருமுழுக்கை ஏளனம் செய்த இச்சொல், நம் உள்ளத்தை உறுத்துகிறது. பின்னாளில் அந்தச் சீரக உருண்டைகளும் கிரேக்க இல்லங்களின் அன்றாட உணவாயின.

செலெமெந்தெஸ் 1958-இல் மறைந்தார். அவர் பெயரே கிரேக்க மொழியில் சமையல் நூலைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. சிப்னோஸ் மக்கள் அவர் பெயரால் உணவு விழாவும் எடுக்கின்றனர். அங்கே முதன்மை பெறுவது அவருடைய பாற்குழம்பன்று. சிக்லாடெஸ் தீவுகளின் பழைய உணவு வகைகளே.