சுறாவைப் பிடித்தவனுக்குப் பெண்



முகூர்த்தப் பத்திரிகைகள் வரிசையாக வருகின்றன. அதனால் இன்று நம் கடற்கரைக் கல்யாணக் கதை ஒன்று. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 57ஆவதாக வரும் 'வலை வீசின படலம்'. 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் சிவாஜியும் சாவித்திரியும் நடித்தார்களே, அதுதான்.

கதை பாட வேளையில் தொடங்குகிறது. சிவன் வேதப்பொருள் சொல்கிறார், உமை கவனிக்கவில்லை. உடனே சாபம்: பரதவர் மகளாகப் பிற! (பெஞ்சுமேல் ஏறி நில் என்பதற்கு மேல் நான் போனதில்லை, நீங்களே சாட்சி.) கோபத்தில் பிள்ளைகள் இருவரும் புத்தகங்களைக் கடலில் வீச, அவர்களை உள்ளே விட்ட குற்றத்துக்கு நந்தி சுறாவாகிறார்.

பாண்டி நாட்டுக் கரையில், புன்னை மரத்தடியில் கிடந்த குழந்தையைப் பிள்ளையில்லாத பரதவர் தலைவன் எடுத்து வளர்க்கிறான். அந்தச் சுறாவோ வலையைக் கிழிக்கிறது, தோணியைக் கவிழ்க்கிறது. இதைப் பிடிப்பவனுக்கே என் மகள் என்கிறான் தலைவன். ஜாதகம் இல்லை, சம்பள விசாரிப்பு இல்லை. பெண்ணிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது வேறு. சிவன் வலைஞர் வீட்டு இளைஞனாக வந்து, ஒரே வீச்சில் பிடித்துவிடுகிறார். கேள்வித்தாள் தயாரித்தவரே பரீட்சை எழுதினால் தோற்பாரா?

ஆனால் ஏன் சுறா? கலித்தொகையின் முல்லைப் பாட்டுகளில் காளையை அடக்கியவனுக்குப் பெண். நெய்தல் நிலத்தில் காளைக்கு எங்கே போவது? பட்டினப்பாலையில் பரதவர் சுறாக்கொம்பை நட்டு வழிபடுகிறார்கள். நற்றிணையில் புன்னை ஒரு பெண்ணுக்கு உடன்பிறந்தவள். கதைக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் நம் கரையிலேயே இருந்தன. திருவாசகத்தில் மாணிக்கவாசகர் இதே திருவிளையாடலைக் குறிப்பிடும்போது மீனின் பெயர் கெளிறு. முள் குத்தினால் கடுக்கும், அவ்வளவுதான். கெளிறுக்கெல்லாம் யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள்.

சுறா உயிர்ப்பயம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்: குளியாளிகளைப் பெரிய மீன்கள் தாக்காதபடி மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு, அரசனுக்குப் பத்தில் ஒன்று. ராஜாவின் பங்கில் பாதி, பயத்துக்காகப் போயிருக்கிறது! அப்படிப்பட்ட கடலில் சுறாவைக் கட்டத் தெரிந்த மாப்பிள்ளை ஊருக்கே காவல். தலைவன் பார்த்தது மகளுக்கான சம்பந்தம் மட்டும் இல்லை.

குளியாளி தன் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பான் என்று நம் ஊரில் சொல்வார்கள். அக்காள் தாலியை நினைத்தாவது அவன் பிடியை விடமாட்டான். (சிவனுக்கும் மச்சான் உண்டு, பாற்கடலிலேயே படுத்திருக்கிறவர். கயிறு பிடிக்க அவர் வரக் காணோம்.) 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் அரசு முத்துக்குளிப்பு இல்லை. கயிற்றுப் பேச்சு மட்டும் கல்யாண வீடுகளில் ஓடுகிறது.

1530களில் பரதவர் கத்தோலிக்கர் ஆனார்கள். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்குக் கூடும் குடும்பங்கள், புராணக் கணக்கில் மதுரைச் சொக்கரின் மாமனார் வீட்டு வகையறா. சம்பந்தி முறையை யாரும் ரத்து செய்ததாகத் தெரியவில்லை.

தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை சுய உருவம் காட்டி, அம்மையை உத்தரகோசமங்கைக்கு அழைத்துப் போனார். அங்கே போய் முதல் வேலையாக, பாதியில் நின்ற வேதப் பாடத்தை நடத்தினார்.